நோயாளிக்குத் துணை இருப்பவரும் ஒரு டம்ளர் மூலிகைக் காப்பியும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "மோட்டார், டிரைவ் பத்தி ஏதாச்சும் பேசுப்பா, ஜூனியர்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "சுக்குமல்லிக் காப்பி பத்திப் பேசலாமாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம், "சரி, இருபது நிமிஷத்துக்குள்ள முடிச்சுக்க" என்றார். அவருக்கு என் முதல் நன்றி.

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். போன தடவை நாம் கூடியபோது பேச்செல்லாம் ஆன்சைட், வீட்டு லோன், குழந்தைக்கு ஸ்கூல் சீட் என்று ஓடியது. இன்று காலை டிபன் வரிசையில் நின்றபோது என் காதில் விழுந்தவை வேறு. ஒருவன் அப்பாவுக்கு பைபாஸ். ஒருத்தி மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இன்னொருவன் அம்மாவுக்கு ஞாபக மறதி, சொந்த மகனையே "நீங்க யாருங்க தம்பி?" என்று கேட்கிறாராம். நமக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. நம்மைப் பெற்றவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணக்கு அவ்வளவுதான்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அப்பா இதே குமாரபாளையத்தில் எட்டுத் தறி ஓட்டியவர். 2022 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போச்சு, பேச்சும் குழறிப்போச்சு. நான் பெங்களூரில் வேலை. அக்கா கல்யாணமாகித் திருச்செங்கோட்டில். அம்மாவுக்கு அப்போது 59 வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, துணி மாற்றுவது, ராத்திரியில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அம்மாதான். "எனக்கென்ன கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று போனில் சொல்வார். பின்னாலேயே அப்பா கூப்பிடும் சத்தம் கேட்கும். போன் கட்டாகிவிடும்.

மகன் என்ன செய்தேன்? நல்ல மகன் செய்வதைத்தான் செய்தேன், ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கி அனுப்பினேன். மன அழுத்தம் போக்கும் மூலிகைத் தேநீர், 25 பைகள். அட்டையில் ஒரு பெண்மணி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் காப்புக் கட்டியிருந்தது. உள்ளே அலமாரியில் அந்த டப்பா, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியாமல் இருந்தது. "ஏம்மா, குடிக்கலையா?" என்றேன். "அதைச் சுடுதண்ணியில போட்டு அஞ்சு நிமிஷம் மூடி வெக்கணுமாம், அப்புறம் மெதுவா உறிஞ்சிக் குடிக்கணுமாம். அஞ்சு நிமிஷம் ஆருகிட்ட இருக்குது கண்ணு?" என்றார் அம்மா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

அதன் பிறகுதான் இந்த மூலிகைத் தேநீர் விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். எஞ்சினியர் புத்தி, எதையும் ஸ்பெசிஃபிகேஷன் பார்க்காமல் விடாது. படித்ததில் தேறியதைச் சொல்கிறேன்.

முதலில், இது தேநீரே இல்லை. தேயிலை என்பது ஒரே ஒரு செடி, கேமலியா சைனென்சிஸ். சாதா டீ, கிரீன் டீ எல்லாம் அதன் இலைதான், எல்லாவற்றிலும் காஃபீன் உண்டு. சாமந்தி, துளசி, சுக்கு போட்டுக் கொதிக்க வைப்பது நம் ஊர் வழக்கில் குடிநீர் அல்லது கஷாயம். இந்த வித்தியாசம் வெறும் பெயர்ச் சண்டை இல்லை. உடலுக்குள் போன காஃபீனில் பாதி கழிய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே. பக்கவாத நோயாளிக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடச் சொல்வார்கள். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. நடுவில் கிடைக்கும் துண்டுத் தூக்கம்தான் துணை இருப்பவருக்கு ராத்திரி. "தூக்கம் வந்துடக் கூடாது" என்று ஒன்பது மணிக்கு ஒரு டீ குடித்தால், பன்னிரண்டு மணிக்குப் புரட்டிவிட்டுப் படுக்கும்போது அந்த டீ இன்னும் உடம்பில் பாதிக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கும். "உடம்புக்கு நல்லது" என்று ராத்திரி கிரீன் டீ குடிப்பவருக்கும் இதே கதைதான்.

அதற்காக டீயை விரோதியாக்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 75 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஆறு வாரம் சாதா டீ. மறுபாதிக்கு அதே ருசி, அதே காஃபீன், ஆனால் டீ இல்லாத போலி பானம். பிறகு எல்லோரையும் வேண்டுமென்றே டென்ஷன் ஆக்கினார்கள். 50 நிமிஷம் கழித்துப் பார்த்தால், டீ குடித்தவர்களுக்கு கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் 47 சதவீதம் இறங்கியிருந்தது, போலி குடித்தவர்களுக்கு 27 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் இளவட்டங்கள், டென்ஷனும் சில நிமிஷ டென்ஷன். சோதனை முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் அம்மாவுக்கு எழுந்து போக இடமில்லை, வீடே அதுதான்.

நான் அனுப்பிய டப்பாவில் இருந்தது சீமைச்சாமந்தி, கேமோமைல் என்பார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஓயாத பதற்றம் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2016-ல் எழுதியிருக்கிறார்கள். பதற்றம் திரும்ப வருவதைத் தடுத்ததா என்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் பதற்றத்தின் அளவு குறைவாக இருந்தது. கவனிக்க வேண்டியது, அவர்கள் கொடுத்தது டீ அல்ல, நாளைக்கு 1500 மில்லிகிராம் சாறு அடைத்த மாத்திரை. நம் அமுக்கராவும் அப்படித்தான். 2012-ல் இந்தியாவில் 64 பேருக்கு வேரின் சாறு 300 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 60 நாள் கொடுத்ததில் கார்ட்டிசால் கால் பங்குக்கு மேல் இறங்கியது. அதே அமுக்கராவை டென்மார்க் 2023-ல் தடை செய்துவிட்டது. கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் மருத்துவ அறிக்கைகள் உண்டு, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆக, வேலை செய்கிற மூலிகை எதுவோ அது மருந்து. மருந்து என்றால் அளவு உண்டு, பக்கவிளைவும் உண்டு. "மூலிகைதானே, என்ன பண்ணிடும்?" என்று ஒருத்தர் சொன்னால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்கும். காரணம் இருக்கிறது.

2023 மத்தியில் அம்மாவுக்குத் தொண்டைக் கரகரப்பும் நெஞ்செரிச்சலும் இருந்தது. சரியாகச் சாப்பிடாமல், நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினால் வராமல் என்ன செய்யும்? யாரோ அதிமதுரம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல சரக்குதான். கொஞ்ச நாளைக்கு, கொஞ்சமாகக் குடித்தால் தொண்டைக்கு இதம். அம்மா அதைக் கஷாயம் வைத்து, அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றும் நேரத்தில் தானும் ஒரு டம்ளர் என்று தினம் மூன்று வேளை, நாலு மாசம் குடித்திருக்கிறார். இனிப்பாக இருப்பதால் அதுவே அவருக்கு ஒரு ஆறுதல் ஆகிவிட்டது. கால் அசந்து போகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். "வயசாகுது, ராத்திரியெல்லாம் முழிக்கிற" என்று நாங்களே சமாதானம் சொன்னோம்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அதில் அப்பாவுக்கு பிரஷர் பார்க்க ஒரு அம்மணி வீட்டுக்கு வருவார். ஒரு நாள் அப்பாவுக்குப் பார்த்து முடித்து மெஷினைச் சுருட்டப் போனவர், "நீங்களும் கையை நீட்டுங்க பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார். 180-க்கு 110. அந்த அம்மணி நீட்டச் சொல்லாவிட்டால் இன்று எங்கள் வீட்டில் இரண்டு கட்டில் கிடந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்பக் குறைவு. டாக்டர், "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்க, அம்மா "ஒண்ணும் இல்லீங்க" என்றார். பொய் சொல்லவில்லை. கஷாயத்தை அவர் மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். சமையலறையில் அந்தக் குண்டாவைக் கண்டுபிடித்தவள் அக்கா.

நடந்தது என்ன என்று பிறகு புரிந்தது. அதிமதுரத்தில் கிளைசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி உண்டு, அதை இது முடக்கிவிடும். உடனே கார்ட்டிசால் உப்பைத் தேக்கும் ஹார்மோன் போல வேலை செய்ய ஆரம்பிக்கும். உப்பும் தண்ணீரும் உடம்பில் நிற்கும், பொட்டாசியம் வெளியே போகும், பிரஷர் ஏறும், தசை சோரும். அமெரிக்க உணவு மருந்துத் துறை அதிமதுர மிட்டாய்க்கே எச்சரிக்கை விட்டிருக்கிறது. நாற்பது தாண்டியவர்கள் நாளைக்கு சுமார் 57 கிராம் வீதம் இரண்டு வாரம் தின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று. "டென்ஷன் போக்கும்" கலவைகள் பலவற்றில் இனிப்புக்காக இதைச் சேர்க்கிறார்கள். டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

கஷாயத்தை நிறுத்தினார்கள், பொட்டாசியம் ஏற்றினார்கள். அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில். அந்த நாலு ராத்திரி அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன்.

நண்பர்களே, நான் பிளான்ட் கமிஷனிங்கில் 36 மணி நேரம் தூங்காமல் நின்றவன். இது அது மாதிரி இல்லை. அங்கே மெஷின் ஓடிவிட்டால் கை தட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். இங்கே எதுவும் முடிவதில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அப்பா மூன்றாவது தடவை படுக்கையை நனைத்தபோது, என்னைப் படிக்க வைத்த அந்த மனுஷனைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவருக்குப் பேச வராது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெளியே பக்கத்துப் பட்டறையில் தறி ஓடிக்கொண்டே இருந்தது. இதை என் மனைவியிடம்கூட ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் நாலரை மணி இருக்கும். எதிர் வீட்டுப் பெரியம்மா வந்தார், சொந்தம் இல்லை, தெரு முறைக்குப் பெரியம்மா. தூக்குப் போசியில் சுக்குமல்லிக் காப்பி. "சாமி, இதைக் கொண்டுபோயித் திண்ணையில உக்காந்து குடி. உங்கொப்பனை நான் பாத்துக்கறேன். டம்ளர் காலியாகாம உள்ள வராதே" என்றார். போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு டம்ளரைக் கால் மணி நேரம் குடித்தேன். அந்தக் கால் மணியில் என் காதுகள் முதல் தடவையாக உள்ளே என்ன சத்தம் என்று கேட்காமல் இருந்தன. அன்று ராத்திரி நான் கத்தவில்லை.

சுக்கிலும் மல்லியிலும் என்ன மாயம் என்று யாராவது கேட்டால் என் பதில், மாயம் காப்பியில் பாதிகூட இல்லை, "நான் பாத்துக்கறேன்" என்ற வார்த்தையில் இருந்தது. மின்னியல் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். மோட்டார் பெயர்ப் பலகையில் எஸ்1, எஸ்3 என்று போட்டிருப்பார்கள். எஸ்1 இடைவிடாமல் ஓடக் கூடியது. எஸ்3, 40 சதவீதம் என்றால் 10 நிமிஷத்தில் 4 நிமிஷம் ஓட்டம், 6 நிமிஷம் ஓய்வு, ஹாய்ஸ்டில் இருக்குமே அது. எஸ்3 மோட்டாரை எஸ்1 மாதிரி ஓட்டினால் சுருள் சூடேறும். சூடு 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது நாம் படித்த பழைய கட்டைவிரல் கணக்கு. அந்த மோட்டாருக்கு நல்ல கிரீஸ் போட்டு என்ன பயன்? நான் அனுப்பிய டப்பா அந்த கிரீஸ்தான்.

மனுஷ உடம்பிலும் இதை அளந்திருக்கிறார்கள். 1995-ல் அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள், இருவர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டரில் ஒரே மாதிரி சின்னக் காயம் போட்டு ஆறுகிற நாளை எண்ணினார்கள். துணை இருப்பவர்களுக்கு ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. 1999-ல் வந்த இன்னொரு ஆய்வு, கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு அதனால் அழுத்தத்தில் இருக்கும் முதியவர்கள் நாலு வருஷத்தில் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்றது.

எது குறைக்கிறது? நம் நாட்டிலேயே, கோவாவில், சங்காத் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் மறதி நோயாளி உள்ள 81 குடும்பங்களில் ஒரு சோதனை செய்தார்கள், 2008-ல் வெளிவந்தது. பெரிய டாக்டரை அனுப்பவில்லை. பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆள் வீட்டுக்குப் போய், துணை இருப்பவரிடம் உட்கார்ந்து பேசி, நோயாளியைச் சமாளிக்கும் வழி சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதத்தில், அந்த உதவிக்குக் காத்திருந்த குடும்பங்களைவிட இவர்களுடைய மனநலம் தெளிவாக மேலாக இருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது என்ன ஏற்பாடு என்றால், மெயின்டனன்ஸ் சார்ட் மாதிரி ஒரு தாள் சுவரில் தொங்குகிறது. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை சம்பளத்துக்கு ஒருவர். அது முழுக்க என் செலவு, டப்பா வாங்கும் காசைவிட நிறைய, ஆனாலும் சொல்கிறேன், முடிந்தவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். ஞாயிறு அக்கா. மாதத்தில் இரண்டு வாரக் கடைசி நான், அந்த ராத்திரிகள் என்னுடையவை. நாலரை மணி அம்மாவுக்குத் திண்ணை. முதல் மாதம் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தார், குற்ற உணர்ச்சி. "அவரு அங்க கெடக்க, நான் இங்க காப்பி குடிக்கறதா?" பெரியம்மாதான் அதட்டி உட்கார வைத்தார்.

கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் காப்பிப் பொடியின் அளவையும் சொல்லிவிடுகிறேன். இதில் காப்பிக்கொட்டையே கிடையாது. கொத்தமல்லி விதை 100 கிராம், தோல் சீவிய சுக்கு 25 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் நாலு. மிளகு கொல்லிமலையாக இருந்தால் நமக்கு ஒரு பெருமை. மல்லியை வாசம் வரும்வரை லேசாக வறுத்து, எல்லாம் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன், மூன்று நிமிஷக் கொதி, வடிகட்டிக் கருப்பட்டி. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், விட்டுவிடுங்கள். ராத்திரிக்கென்றால் எட்டுப் பத்துத் துளசி இலையைச் சுடுதண்ணீரில் போட்டு அரை டம்ளர் போதும், அதிகம் குடித்தால் அதற்கே எழுந்திருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பாசத்தில் "அவருக்கும் ரெண்டு வாய்" என்று பக்கவாத நோயாளிக்கு ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்தவருக்குத் தண்ணீர் போன்ற பானம் நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்க முடிகிறதா என்று முதலில் டாக்டரோ தெரபிஸ்டோ பார்த்துச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் சாமந்தி உட்பட எந்த மூலிகையையும் டாக்டரிடம் சொல்லாமல் தொடர்ந்து குடிக்கக் கூடாது. டாக்டர் "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டால் கஷாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் உறுப்பினர் பட்டியலில் பிளட் குரூப் போட்டிருக்கிறோம். அதோடு, ஊரில் யார் வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார், பக்கத்துத் தெருவில் நம் ஆள் யார் இருக்கிறார் என்று ஒரு பத்தி சேர்க்க முடியுமா? வெளியூரில் இருக்கும் எங்களுக்காக வாரம் ஒரு தடவை ஒருத்தர் அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பவானியில், பள்ளிபாளையத்தில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு அமெரிக்காவில் இருக்கிற நண்பர்கள் இதற்குப் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள், நான் பேசிவிட்டேன். ஆள்தான் வேண்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மாதத்தில் அந்த இரண்டு வாரக் கடைசியில் குமாரபாளையத்துக்குள் எந்தத் தெருவாக இருந்தாலும் வருகிறேன்.

அந்த டப்பாவுக்கு என்ன ஆச்சு என்று என் மனைவி கீழே இருந்து சைகை காட்டுகிறாள். காலாவதி ஆகிவிட்டது. பைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, டப்பாவில் அம்மா அப்பாவின் மாத்திரை அட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறார்.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார், இருபது நிமிஷம் தாண்டிவிட்டது.  பெயர் கொடுக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடியுங்கள்.